"ஆச்சு" என்று சொன்ன சேர்மன்

சிரிக்க ஒரு கதை இருக்கிறது. அதற்காக இப்போதே வாயைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டாம், ஈ புகுந்துவிடும். இந்தக் கதையில் சிரிப்பு கடைசிப் பந்தியில்தான் பரிமாறப்படும். முதல் பந்தியிலேயே கிடைத்துவிட்டால் அதற்கு என்ன மரியாதை? கொஞ்சம் பசித்திருங்கள். கதையில் வருகிற மனிதரும் பசித்துத்தான் இருந்தார்.

அவர் பெயர் நல்லசிவம். இருகரை என்ற ஊரின் நகராட்சித் தலைவர். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. சேர்மன் என்றால் அவர்தான். வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. மீசைக்கு மட்டும் மை.

நல்லசிவத்துக்கு ஒரு வித்தை தெரியும். எந்தத் தெருவில் நின்றாலும் அந்தத் தெருவின் குரல் அவர் தொண்டையில் வந்து உட்கார்ந்துவிடும். மேலக்கரைக் கடைவீதியில், "என்னவே, யாவாரம் எப்படி ஓடுது?" கீழக்கரைத் தோட்டத்தில், "ஏத்தா, கீரைக்குத் தண்ணி பாஞ்சிச்சா?" பள்ளிக்கூட ஆண்டு விழாவில், "பெருமதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களே!" கல்லூரிப் பிள்ளைகள் நடுவில், "மாஸ் பண்ணிருவோம் தம்பி!" எல்லா இடத்திலும் கை தட்டுவார்கள். நம்ம ஆளு என்பார்கள்.

வீட்டுக்குத் திரும்பினால்தான் சிக்கல். அவர் மனைவி ஒருநாள் காபியை வைத்துவிட்டுக் கேட்டாள். "ஊர்ல எல்லாரு மாதிரியும் பேசுறீங்க. எங்க வீட்டுக்காரர் எப்படிப் பேசுவாரு?"

நல்லசிவம் சிரித்தார். பதில் சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் எந்தக் குரலை எடுப்பது என்று தெரியவில்லை. காபி ஆறிப்போனது.

ஊரைக் கேட்காமல் அவர் எதையும் செய்ததில்லை. அதற்கென்றே பத்துப் பதினைந்து பிள்ளைகள் அவர் படம் போட்ட பனியன் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். கருத்துக் கணிப்பு. குப்பைத் தொட்டிக்குப் பச்சையா, நீலமா? கேட்பார்கள். பூங்காவில் வேம்பா, புங்கையா? அதையும் கேட்டார்கள். இரண்டுக்கும் சரிபாதி விழுந்ததால் பூங்காவில் இன்னமும் குழிதான் இருக்கிறது.

இந்த முறை கேட்டது குப்பைத் தொட்டியைப் பற்றி அல்ல. பாலத்தைப் பற்றி.

இருகரையின் இரண்டு கரைகளையும் ஊருக்குள் சேர்ப்பது ஒரே ஒரு பழைய பாலம்; அதை விட்டால் வெகுதூரம் கீழே தள்ளி ஒரு தரைப்பாலம். நகராட்சி இன்ஜினியர் மெர்சி அதன் அடியில் இறங்கிப் பார்த்துவிட்டு முகம் வெளுத்து ஏறி வந்தார். நடுத்தூணில் கை நுழைகிற அளவுக்கு விரிசல். நாளை மறுநாள் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. சப்பரம் அந்தப் பாலத்தின் மேல்தான் மேலக்கரையிலிருந்து கீழக்கரைக்குப் போகும். ஊரே கூடப் போகும்.

"நெரிசல் ஏறினா நான் பொறுப்பு இல்ல சார்" என்றார் மெர்சி. "மூடணும். சப்பரம் கீழ தரைப்பாலம் வழியா சுத்திப் போகட்டும். தடுப்பு வைக்கணும், போலீசுக்குச் சொல்லணும். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லுங்க."

நல்லசிவம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பனியன் பிள்ளைகளை அனுப்பினார். அவர்கள் போய்விட்டு வந்து சொன்னார்கள்: பத்துக்கு எட்டுப் பேர் மூட வேண்டாம் என்கிறார்கள்.

நல்லசிவத்துக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதனால்தான் அன்று மத்தியானம் காரை ஆற்று மடத்துக்கு விடச் சொன்னார்.

*

ஆற்று மடத்தை நடத்திவந்தவர் வடிவம்மை. நல்லசிவத்தைவிட இருபது வயது இளையவர். மடத்துக்கு வருவதற்கு முன்பு கணக்கு டீச்சர். தங்கச்சி வயசுக்காரியின் காலில் போய் விழுகிறாரே இந்த மனுஷர் என்று ஊர் கேலி பேசியது. நல்லசிவம் கேலிக்கு அஞ்சுகிறவர்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அஞ்சவில்லை. ஏனென்றால் இருகரையில் அவருக்குக் கை தட்டாத ஒரே ஆள் வடிவம்மை. ஒரு தடவையாவது இந்த அம்மா வாயால் 'நல்லது செஞ்சீங்க' என்று கேட்டுவிட வேண்டும் என்று ஐந்தாறு வருடமாக ஏங்கிக்கொண்டிருந்தார்.

கார் நின்றபோது வடிவம்மை மடத்து வாசலில் நின்றார். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார். கையில் குழம்புக் கரண்டி. அன்று அமாவாசைச் சாப்பாடு. உள்ளே முதல் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க. சாப்பிட்டாச்சா?"

காலையிலிருந்து நல்லசிவத்தின் வயிற்றுக்குள் போனது அரை டீ. மீதி அரை டீ கடைவீதிச் சங்கத்தாரின் கூச்சலில் ஆறிப்போயிருந்தது.

"ஆச்சும்மா" என்றார்.

இதில் பொய் எதுவும் இல்லை. நம்மூரில் அந்தக் கேள்விக்கு அதுதான் பதில். அப்புறம் கேட்டவர், "அட, எந்நேரம் சாப்பிட்டது? ஒரு வாய் சாப்பிடுங்க" என்பார். "ஐயோ, வேண்டாம், வயிறு நெறஞ்சு கெடக்கு" என்று கையை ஆட்ட வேண்டும். அவர் கையைப் பிடித்து இழுப்பார். கடைசியில், "நீங்க சொல்றீங்களேன்னு..." என்றபடி உட்கார்ந்து மூன்று தடவை சோறு வாங்க வேண்டும். முறை அதுதான்.

"சரி" என்றார் வடிவம்மை.

அவ்வளவுதான்.

நல்லசிவம் கொஞ்சம் காத்திருந்தார். வடிவம்மை அவரைத் தாண்டிக் கார் டிரைவரைப் பார்த்தார். "இசக்கி, நீ?"

"இல்லம்மா, கொலைப் பசி."

"போ. கையக் கழுவிட்டு உக்காரு."

இசக்கி முதலாளியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பறந்தான்.

*

"ஒரு கேள்வி கேக்கணும்மா" என்றார் நல்லசிவம்.

"கேளுங்க. பரிமாறிக்கிட்டே கேக்குறேன். ஆள் கொறைச்சலா இருக்கு."

வடிவம்மை குழம்பு வாளியோடு பந்தியில் நடந்தார். நல்லசிவம் பின்னால் நடந்தார். இலைகளில் ஆவி பறந்தது. ஒருபக்கம் அவியல், ஒருபக்கம் உருளைக்கிழங்குப் பொடிமாஸ், நடுவில் சோற்றுக் குன்று. அதன் உச்சியில் குழி செய்து வடிவம்மை சுண்டைக்காய் வத்தக்குழம்பை ஊற்றினார். நல்லெண்ணெய் மேலே மினுங்கியது. வாசம் வந்து நல்லசிவத்தின் மூக்கைப் பிடித்து இழுத்தது.

"தலைவன்னு இருக்குறவன்..." என்று தொடங்கினார். எச்சில் ஊறியது. விழுங்கினார். "தலைவன்னு இருக்குறவன் ஜனங்க கருத்தைக் கேட்டு நடக்கணுமா, தன் கருத்துப்படி நடக்கணுமா?"

"அப்பளம் எங்கப்பா?" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார் வடிவம்மை.

"பத்துக்கு எட்டுப் பேர் பாலத்தை மூடாதேங்காங்க. இன்ஜினியர் மூடணும்ங்காங்க. நான் என்னம்மா செய்ய?"

"அந்தப் பாயச வாளியை எடுங்க."

நல்லசிவம் எடுத்தார். பாசிப்பருப்புப் பாயசம். வெல்லமும் தேங்காய்ப் பாலும் ஏலக்காயும். முந்திரி மிதந்தது. அதைப் பார்க்காமல் இருக்க விட்டத்தைப் பார்த்தார்.

"நீங்களும் ஒரு கரண்டி..." என்று வடிவம்மை திரும்பினார்.

நல்லசிவத்தின் முகம் மலர்ந்தது.

"...எடுத்து ஆளுக்கொண்ணா ஊத்திக்கிட்டே வாங்க" என்றார் வடிவம்மை.

*

முதல் வரிசையின் தொடக்கத்தில் பாத்திரக்கடை ஆவுடையப்பன் உட்கார்ந்திருந்தார். மேலக்கரைக் கடைவீதிச் சங்கத்தின் தலைவர். அன்றைய சாப்பாடே அவர் உபயம்.

"என்னவே சேர்மன், பாயசம் ஊத்துத அளவுக்கு வந்தாச்சா?" என்று சிரித்தார். அப்புறம் குரலை இறக்கினார். "பாலத்துல கைய வச்சீர்னா, அடுத்த எலெக்‌ஷன்ல உம்மைக் கவுக்காம விட மாட்டேன். கொடைக்குத்தான் எங்களுக்கு வருஷ யாவாரமே. மொகத்துக்கு நேரா சொல்லுதேன்."

"அண்ணாச்சி, அப்படி நடக்க விடுவனா?" என்றது நல்லசிவத்தின் வாய். கடைவீதிக் குரல் தானாக வந்துவிட்டது.

வடிவம்மை அவர் காதருகே வந்தார். "இந்த வரிசையில எல்லாரையும் கேளுங்க. கையில பாயசம் இருக்கு. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது."

நல்லசிவம் கேட்டார். "பாலத்தை மூட வேண்டாம்ல?"

"மூட வேண்டாம்யா" என்றார் ரிட்டயர்டு தபால்காரர். கண் கரண்டியில் இருந்தது.

"பாலம் மூட வேண்டாம்ல?"

"சேர்மன் சொன்னா சரிதான். ஓரத்துல முந்திரி நிக்கு பாருங்க, அதையும் சேத்து..."

"வேண்டாம்ல?"

"எதுக்கு மூடணும்? நம்ம சேர்மன் மகராசன்லா!"

வரிசை முடிந்தது. ஒரு ஆள் மாற்றிச் சொல்லவில்லை. நல்லசிவம் கொஞ்சம் நிமிர்ந்தார். "பாத்தீங்களாம்மா?"

"பாத்தேன். எதிர் வரிசையில இப்படிக் கேளுங்க. பாலத்தை மூடிரலாம்ல?"

"அது எப்படிம்மா..."

"கேட்டுத்தான் பாருங்களேன்."

அவர் எதிர் வரிசைக்குப் போனார். பாயசக் கரண்டியைத் தூக்கினார். "பாலத்தை மூடிரலாம்ல?"

"மூடிரலாம்யா" என்றார் முதல் ஆள்.

"தாராளமா மூடுங்க" என்றார் அடுத்தவர். "பழசாயிட்டுல்லா."

"நீங்க பாத்து எது செஞ்சாலும் சரி" என்றார் அதற்கு அடுத்தவர். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்கய்யா, இலை தாங்கும்."

கடைசி இலையில் இசக்கி. "மொதலாளி, மூடுவோம். மூடாம விட்டாலும் சரி. பாயசம் தேனு மாதிரி இருக்கு. நீங்களும் ஒரு வாய்..." என்று சொல்ல வந்தவன், வடிவம்மையின் கண்ணைப் பார்த்துவிட்டு அப்பளத்தைக் கடித்தான்.

நல்லசிவம் கரண்டியோடு நின்றார். தோள் இறங்கிவிட்டது. "ஒரே ஊரும்மா. ஒரே பந்தி."

"ஒரே பாயசம்" என்றார் வடிவம்மை.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மெர்சி. நல்லசிவம் துண்டித்துவிட்டார்.

*

இரண்டாம் பந்தியில் பூமயில் இருந்தாள். கீழக்கரையில் கீரை போடுகிறவள். மடத்துக்குத் தினமும் கீரைக்கட்டு கொண்டுவருவது அவள்தான். மடியில் கைக்குழந்தை. அவள் சேலை முழங்கால் வரைக்கும் நனைந்து ஒட்டியிருந்தது.

"பூமயிலு, பிள்ளைங்க வந்து பாலத்தைப் பத்தி உன்னையும் கேட்டாங்களா?" என்றார் வடிவம்மை.

"கேட்டாவம்மா. மூட வேண்டாம்னு சொன்னேன்."

"சேலை ஏன் நனஞ்சிருக்கு?"

பூமயில் சேர்மனைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"சும்மா சொல்லு."

"ஆத்துல எறங்கி வந்தேம்மா. பிள்ளையோட பாலத்துல ஏறப் பயமா இருக்கு. லாரி போனா அடியில கல்லு உதிருது. நாங்க தோட்டத்துக்காரங்க ஒரு மாசமா யாருமே அதுல ஏறுததில்ல."

நல்லசிவத்துக்குப் பாயச வாளி கனத்தது. "பெறவு ஏன்த்தா மூட வேண்டாம்னு சொன்ன?" கீழக்கரைப் பேச்சு வந்துவிட்டது. அதைக் கேட்க அவருக்கே கூச்சமாக இருந்தது.

"கேக்க வந்த தம்பி மொகத்தப் பாத்தேன்யா. மூட வேண்டாம்னு சொன்னா சந்தோசப்படுவாப்ல தெரிஞ்சுது. நெஞ்சுல உங்க படம் வேற சிரிச்சிக்கிட்டு இருந்துச்சு. அதான், நாம எதுக்கு நல்ல மனுசர வருத்தப்படுத்தணும்னு..."

வடிவம்மை அவள் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். பூமயில் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். வடிவம்மை அவள் கைக்கு மேலேயே வைத்தார். இருவரும் சிரித்தார்கள்.

நல்லசிவம் அந்தச் சோற்றைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

*

பந்திகள் முடிந்தன. கொல்லையில் அண்டாக்கள் கவிழ்ந்தன. இசக்கி வேப்பமர நிழலில் ஏப்பம் விட்டுக்கொண்டே சாய்ந்திருந்தான். அந்த ஏப்பம் நல்லசிவத்துக்குக் கேட்டது.

வடிவம்மை சாம்பலும் தேங்காய் நாரும் எடுத்து வாளியைத் தேய்த்தார். நல்லசிவம் எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்தார். கீழே ஆறு ஓடியது. கொஞ்ச தூரத்தில் பாலம். அதன் மேல் கொடைக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஏணியில் நின்று பாடினார்கள்.

"எல்லாரையும் கேட்டீங்க" என்றார் வடிவம்மை. "உங்களைக் கேட்டாங்களா?"

"யாரு?"

"உங்க பனியன் பிள்ளைங்க."

"என்னையா? நான்தானம்மா கேக்கச் சொன்னவன்."

"அப்ப நான் கேக்குறேன். பாலத்தை மூடலாமா, வேண்டாமா?"

நல்லசிவம் தொண்டையைக் கனைத்தார். "கொடை நேரத்துல மூடினா கடைவீதி படுத்துரும். வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற யாவாரம்..."

"இது ஆவுடையப்பன் குரல்" என்றார் வடிவம்மை.

"ஒருபக்கம் பாத்தா, நடுத்தூணோட தாங்கு திறன் கணிசமா கொறைஞ்சிருக்கு..."

"இது மெர்சி."

"கட்சி மேலிடம் என்ன நெனைக்கும்னும் நாம யோசிக்க வேண்டியிருக்கு..."

"இவங்களை நான் பாத்ததில்ல. ஆனா நல்லாச் செய்யிறீங்க."

நல்லசிவத்துக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. "ஜனங்களைக் கேட்டு நடக்குறது தப்பாம்மா?"

"தப்புன்னு யார் சொன்னா?"

"பெறவு?"

"உங்க குரலு எப்படி இருக்கும்னு கேக்க ஆசையா இருக்கு. அவ்வளவுதான்."

நல்லசிவம் ஆற்றைப் பார்த்தார். சொல்லத் தொடங்கினால் நிற்காது என்பது போல, மெதுவாகச் சொன்னார். "எனக்கும்தான்மா. நான் மேடையில நின்னா ஊரே கை தட்டுது. இறங்கி வீட்டுக்குப் போனா, என்கிட்ட யாரும் எதுவும் பேசலங்கிற மாதிரி இருக்கு. ஒருத்தர் விடாம எல்லாருக்கும் என்னைப் புடிக்கணும். ஒருத்தருக்குப் புடிக்காமப் போச்சுன்னா அன்னைக்குத் தூக்கம் இல்ல. அதான் கேக்கேன். கேட்டுக்கிட்டே இருக்கேன். குப்பைத் தொட்டிக்கு என்ன கலர்னு கேக்கும்போதுகூட, என்னைப் புடிச்சிருக்கான்னுதான் கேக்கேன்."

வடிவம்மை தேய்ப்பதை நிறுத்தவில்லை. "என்ன பதில் வருது?"

"புடிச்சிருக்குன்னுதான் சொல்லுதாங்க."

"அப்ப ஆச்சுல்ல?"

"ஆகலையேம்மா" என்றார் நல்லசிவம். "எத்தனை தடவை கேட்டாலும் வயிறு நெறையலை."

சொன்ன பிறகுதான் எந்த வார்த்தை வாயில் வந்தது என்பது அவருக்கே உறைத்தது. வயிறும் அதே நேரத்தில் கடமுடவென்று சத்தம் போட்டது. மரத்தடியில் இசக்கி தலையைத் தூக்கி, இடி இடிக்கிறதா என்று வானத்தைப் பார்த்தான்.

வடிவம்மை காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. வாளியைக் கவிழ்த்துவிட்டுக் கையைத் துடைத்தார். "சரி, நான் சாப்பிடணும். கடைசியாச் சாப்பிடுறது நான்தான். நீங்களும் உள்ள வந்து உக்காருங்க, பேசலாம்."

*

உள்ளே ஒரே ஒரு இலை போட்டார். மிஞ்சிய சோறு ஒரு குண்டானில் இருந்தது. குழம்பு அடியில் கொஞ்சம். அவியல் ஒரு கிண்ணம். பாயசம் வழித்து எடுத்தால் ஒரு தம்ளர் வரும்.

வடிவம்மை இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். தண்ணீர் தெளித்தார். குண்டானைப் பக்கத்தில் இழுத்தார்.

"வேற ஏதாவது வேணுமா?" என்று நல்லசிவத்தைக் கேட்டார்.

"வேண்..." என்றது நல்லசிவத்தின் வாய்.

இத்தனை வருடம் பழகிய வாய். நிறுத்தக் கஷ்டமாக இருந்தது. ஆனால் கரண்டி சோற்றுக்குள் இறங்குவதைப் பார்த்துவிட்டார். அது ஏறி வடிவம்மையின் இலையில் விழுந்துவிட்டால் அப்புறம் ஒன்றும் இல்லை.

"எனக்குப் பசிக்குது" என்றார்.

அது கடைவீதிக் குரல் இல்லை. தோட்டத்துக் குரலும் மேடைக் குரலும் இல்லை. கரகரவென்று, பாதி உடைந்து, கொஞ்சம் அசிங்கமாக இருந்தது. இப்படி ஒரு குரல் தன்னிடம் இருப்பது அவருக்குத் தெரியாது.

வடிவம்மையின் கரண்டி நின்றது.

அந்த நேரம் பார்த்து போன் அதிர்ந்தது. மெர்சி. இந்தமுறை துண்டிக்கத் தோன்றவில்லை. எடுத்தார்.

"சார், சாயங்காலம் ஆகப்போகுது. தடுப்பு லாரியில ஏத்தி நிக்குது. என்ன சார் செய்யட்டும்?"

"மூடுங்க" என்றார் நல்லசிவம், பசித்த அதே குரலில்.

"ஹலோ, யாருங்க பேசுறது? போனைச் சேர்மன்கிட்ட குடுங்க."

"சேர்மன்தான்மா பேசுறேன்."

"சும்மா விளையாடாதீங்க. இது அவர் குரலே இல்ல. அவசரமா இருக்கு, குடுங்க."

"நல்லசிவம்தாம்மா. தொண்டை காஞ்சிருக்கு. பாலத்தை மூடுங்க. தரைப்பாலத்துல விளக்குப் போடச் சொல்லுங்க. கடைவீதிக்காரங்க கொடைக்கு ஆத்து மணல்ல கடை போட்டுக்கட்டும், நகராட்சி வாடகை வாங்காது. ஆவுடையப்பன் அண்ணாச்சிகிட்ட நானே போய்ச் சொல்லுதேன். திட்டுவாரு. திட்டட்டும்."

"சார்... சர்வேயில வேற மாதிரில்ல வந்துச்சு?"

"ஆமா" என்றார் நல்லசிவம். போனை வைத்தார்.

தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாலத்துப் பக்கம் பாட்டு நின்றுபோயிருந்தது.

"இனி எனக்கு யாரும் கை தட்ட மாட்டாங்கம்மா. எட்டுப் பேர் வேண்டாம்னு சொன்னதைச் செஞ்சிட்டேன். ஊரு மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

வடிவம்மை எழுந்து இன்னொரு இலையை எடுத்து வந்தார். அவர் முன்னால் விரித்தார். குண்டானில் இருந்த சோற்றைப் பாதிக்கு மேல் அள்ளி வைத்தார். அவியலைக் கிண்ணத்தோடு கவிழ்த்தார். பாயசத் தம்ளரை இலையோரத்தில் வைத்தார். நல்லசிவம் கையைக்கூடக் கழுவாமல் சோற்றைத் தொட்டுவிட்டு, வெட்கப்பட்டு, எழுந்து போய்க் கழுவிவிட்டு வந்தார்.

முதல் வாய் உள்ளே போனது. கண் கலங்கியது. சுண்டைக்காய்க் காரமாகவும் இருக்கலாம்.

"காலையிலிருந்து பட்டினியா?" என்றார் வடிவம்மை.

அவர் தலையாட்டினார். வாய் நிறையச் சோறு.

"வாசல்ல கேட்டேனே. ஆச்சுன்னு சொன்னீங்களே."

"அது..." நல்லசிவம் விழுங்கிவிட்டுச் சொன்னார். குழந்தை போல ஒரு குறை அந்தக் குரலில் இருந்தது. "இன்னொரு தடவை கேப்பீங்கன்னு நெனச்சேன்மா."

வடிவம்மை சோற்றில் குழி செய்து, மிச்சமிருந்த குழம்பை அதில் சாய்த்து ஊற்றினார்.

"அந்த எட்டுப் பேரும் அப்படித்தான் நெனச்சிருப்பாங்க" என்றார்.

நல்லசிவத்தின் கை சோற்றிலேயே நின்றது.